முதுகு திறந்த ஹெட்போன்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மைக்செட் என்றால்தான் தெரியும். கட்டிங் மெஷின் ஓடும்போது அந்தக் கூடத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே காதில் விழாது. மெஷின் ஒவ்வொரு முறை அட்டையை அறையும்போதும் காலுக்குக் கீழே தரை ஒரு துள்ளு துள்ளும். ஆனால் இவர் இந்தக் கோடியில் நின்று, "அட்டை சிக்கிக்கிச்சு, நிறுத்து!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், அந்தக் கோடியில் சுவிட்சருகே நிற்பவன் நிறுத்திவிடுவான். பத்தொன்பது வருடம் அந்த மெஷினோடு மல்லுக்கட்டி வளர்ந்த குரல். மைக்செட் என்ற பெயரை அவர் ஏதோ படித்து வாங்கிய பட்டம் போலத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

வேலை நேரம் முழுக்கக் காதில் மஞ்சள் நிறக் காதுமூடி இருக்கும். அவர் கண்ணாடி போட்டவர். காதுமூடி நெருக்கும் நெருக்கில் கண்ணாடிக் கம்பி காதுக்கு மேலே பதிந்து, இரண்டு பக்கமும் சிவப்பாகக் கோடு விழுந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தேய்த்துவிட வேறு யாரும் இல்லை.

மனைவியைப் பிரிந்து நான்கு வருடம் ஆகிவிட்டது. அடிதடி, வழக்கு என்றெல்லாம் எதுவும் நடக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காமலே பல வருடம் இருந்தார்கள். பிறகு அவளுக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தது. ரயிலில் போனால் ஆறு மணி நேரம். மகள் அம்மாவோடு போனாள். அப்போது அவளுக்குப் பத்து வயது, இப்போது பதினாலு. முதல் இரண்டு வருடம் பள்ளி விடுமுறையில் நாலு நாள் வந்து தங்கினாள், பிறகு அதுவும் நின்றுபோனது. மற்றபடி அவருக்குக் கிடைத்தது சனிக்கிழமை மூன்று மணி.

சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. குளித்துச் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணி அடிப்பதற்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஜனங்கள் காலி செய்துவிட்டுப் போன ஒரு ஊருக்குள் அப்பாவும் மகளுமாகப் போய், வீடு வீடாக ஏறி உணவும் மருந்தும் தேடி எடுத்துக்கொண்டு, துப்பாக்கியோடு அலைகிற ஆட்கள் கண்ணில் படாமல் வெளியே வந்துவிட வேண்டும். அதுதான் விளையாட்டு. அவளே சொல்லிக்கொடுத்தது. இதில் பிழைப்பதும் சாவதும் காதில்தான் இருக்கிறது. எந்தப் பக்கம் காலடிச் சத்தம் கேட்கிறது என்று தெரிந்தால் ஒளியலாம். மகள் கில்லாடி. இவருக்கோ, எட்டு வருடத்துக்கு முந்திய பழைய ஹெட்போனில் எல்லாச் சத்தமும் மண்டைக்குள்ளேயே இடித்துக்கொண்டு கிடக்கும். போதாக்குறைக்குக் காதுமூடி நெருக்கிய அதே இடத்தில் இதுவும் நெருக்கும். அரை மணி நேரத்தில் காது வெந்துபோகும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாரத்தில் இந்த நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் தள்ளிக்கொண்டிருந்தார்.

அந்த நேரமும் சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் இரண்டு மணி நேரம் ஆடியவள், ஒரு மணி நேரத்துக்கு வந்தாள். பிறகு அரை மணி. சில வாரம் பரீட்சை, சில வாரம் தலைவலி. வயசுப்பிள்ளை, ஆயிரம் வேலை இருக்கும் என்று அவர் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குப்பைப்பையைக் கீழே போட்டுவிட்டு மாடி ஏறும்போது பக்கத்து வீட்டு அம்மா வழிமறித்தாள். வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான்.

"தப்பா எடுத்துக்கக் கூடாது. ரொம்ப நாளா சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன்" என்றாள்.

"சொல்லுங்க."

"பிள்ளைய அந்த மாதிரி திட்டாதீங்க. வளர்ற பிள்ளை. மனசு ஒடைஞ்சு போயிரும்."

"எந்தப் பிள்ளைய?"

"உங்க பிள்ளையத்தான். சனிக்கிழமையானா போதும், 'எங்க போய்த் தொலைஞ்ச'ங்கறீங்க, 'சொன்னா கேக்க மாட்டியா'ங்கறீங்க. நேத்து, 'அங்க போன, செத்த!'ன்னு ஒரு கத்து கத்துனீங்க பாருங்க, தையல் மெஷின் ஊசி என் கையில ஏறிடுச்சு." கட்டை விரலில் சுற்றியிருந்த துணியைக் காட்டினாள். "பாவம், அது பதிலுக்கு ஒரு வார்த்த பேசறதில்ல. மூச்சுக் காட்டாம இருக்கு. வெளியகூட விடறதில்ல போல. நான் குடிவந்து ஒரு வருஷமாச்சு, கண்ணால பாத்ததே இல்ல."

மைக்செட்டுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"என் வீட்ல பிள்ளை இல்லைங்க. நான் மட்டும்தான் இருக்கேன்."

அந்த அம்மா ஒரு படி பின்னால் ஏறி நின்றாள். பிள்ளையைத் திட்டுகிறவனைவிட, இல்லாத பிள்ளையைத் திட்டுகிறவன்தான் அவளுக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். அவர் அவசர அவசரமாக விளையாட்டைப் பற்றியும், மகள் வேறு ஊரில் இருப்பதைப் பற்றியும், ஹெட்போனைப் பற்றியும் விளக்கினார். மாடிப்படி முழுக்க அவர் குரல் எதிரொலித்தது. அதை அவரே முதல் தடவையாகக் கவனித்தார்.

"ஓ, விளையாட்டா" என்றாள் அவள். போகத் திரும்பியவள் நின்றாள். "அப்ப அந்தப் பக்கம் அவளுக்கும் இப்படித்தானே கேக்கும்?"

அந்தக் கேள்வி வாரம் பூராவும் அவரை விடவில்லை. மெஷின் ஓடும்போது ஓடியது, நின்றபோதும் ஓடியது. அடுத்த சனிக்கிழமை போனை ரிக்கார்டிங்கில் போட்டு அலமாரி மேல் வைத்துவிட்டு விளையாட உட்கார்ந்தார். மகள் இருபத்தைந்து நிமிடம் ஆடினாள். "சரிப்பா, போறேன்" என்று போய்விட்டாள். ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தேய்த்துக்கொண்டே ரிக்கார்டிங்கைப் போட்டுக் கேட்டார்.

மகளின் குரல் அதில் இல்லை. அது அவர் காதுக்குள் மட்டும் கேட்ட குரல்தானே. இருந்தது ஒரே ஒரு ஆள். "எங்க? எங்க இருக்க? வா இங்க! அய்யோ, எத்தன தடவ சொல்றது! பின்னால பாரு, பின்னால!" கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. நாற்காலி கிறீச்சிடும் ஓசை. திடீரென்று, "என்னது? கேக்கல! சத்தமாப் பேசு!" தொண்டை கிழிய ஒருவன் காலி அறையில் நின்று யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு என்ன கோபம், யார் மேல் கோபம் என்று அவருக்கே பிடிபடவில்லை. அந்த இருபத்தைந்து நிமிடமும் அவர் சந்தோஷமாக இருந்ததாகத்தான் நினைத்திருந்தார்.

மறுவாரம் மெஷினைப் பழுது பார்க்க ஒரு நாள் நிறுத்தினார்கள். அன்றைக்குப் பெரிய கடைத்தெருவில், ஹெட்போனும் ஸ்பீக்கரும் மட்டுமே விற்கும் ஒரு கடைக்குப் போனார். வாசலில் நின்று பார்த்தால் உள்ளே சுவர் நிறைய ஹெட்போன்கள், காய்த்துத் தொங்குகிற மாதிரி. விற்பனையைக் கவனித்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள்.

"என்ன மாதிரி வேணும் சார்?"

"காது வலிக்காம இருக்கணும். கேம் ஆடணும். சும்மா இருக்கறப்ப பாட்டு, செய்தி கேக்கணும்" என்றவர், கொஞ்சம் தயங்கி, "அப்புறம், நான் கத்தக் கூடாது" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. "இப்ப என்ன வெச்சிருக்கீங்க? காத முழுசா மூடுறதா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். "அதான் விஷயம் சார். காத மூடிட்டா நம்ம குரல் நமக்கே சரியாக் கேக்காது. கேக்கலையேன்னு ஏத்திக்கிட்டே போவோம். எல்லாருமே அப்படித்தான். உங்களுக்கு ஓப்பன் பேக் எடுத்துக் காட்டறேன்."

"அப்படின்னா?"

"முதுகு தெறந்தது." ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். காதுக்கு வெளிப்பக்கம் மூடியே இல்லை, சல்லடை மாதிரி கம்பி வலை. வலைக்குப் பின்னால் வட்டமாக ஏதோ மின்னியது. "வெளிச் சத்தம் உள்ள வரும். உங்க குரலும் உங்களுக்குக் கேக்கும். காத்தோட்டமா இருக்கறதால காது வேகாது. ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிடறேன். உள்ள பாடுறது வெளியவும் கேக்கும். வீட்ல கூட யாராவது இருந்தா அவங்களுக்குத் தொந்தரவு. வீட்ல யார் யார் இருக்காங்க சார்?"

"யாரும் இல்ல."

"அப்ப உங்களுக்குன்னே செஞ்சதுதான் இது" என்றாள் அவள், ஹெட்போனைத் துடைத்துக்கொண்டே. வியாபாரம் பேசுகிறவள் சொல்கிற வார்த்தைதான். அவர் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்துவைத்தார்.

மாடியில் ஒரு சின்ன அறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். முதலில் கொடுத்தது கறுப்பில் ஒன்று. சத்தம் அமிர்தமாக இருந்தது. ஆனால் தலையில் செங்கல்லைத் தூக்கி வைத்தது போல் ஒரு கனம், ஐந்து நிமிடத்தில் கழுத்து கேள்வி கேட்டது. இன்னொன்று சின்னது. அது காதைச் சுற்றி உட்காராமல் காதின் மேலேயே உட்கார்ந்து, கண்ணாடிக் கம்பியை எலும்போடு சேர்த்து அழுத்தியது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளே வாங்கி வைத்துவிட்டாள். வேறொன்று நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு ஆம்ப் என்று தனியாக ஒரு பெட்டி வேண்டுமாம், கம்ப்யூட்டரில் நேராகச் சொருகினால் முனகத்தான் செய்யுமாம். "பெட்டியெல்லாம் வேணாம்மா, நாள் பூரா பெட்டியோடதான் இருக்கேன்" என்றார். அட்டைப்பெட்டித் தொழிற்சாலை என்று சொன்ன பிறகுதான் அவளுக்குப் புரிந்து சிரித்தாள்.

கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒன்று வந்தது. எடுத்தால் கையில் எடையே தெரியவில்லை. உச்சந்தலையில் படுகிற இடத்தில் ஒரு பட்டை, அது தலைக்குத் தக்கபடி தானாக இழுபட்டுக்கொண்டது. காதைச் சுற்றி வெல்வெட் மெத்தை. மெத்தைக்குள் காது எங்கேயும் இடிக்காமல் இருந்தது.

"கண்ணாடியோட போடுங்க. தலைய ஆட்டுங்க. வாய நல்லாத் தெறந்து மூடுங்க. கொட்டாவி விடுங்க" என்றாள். எல்லாம் செய்தார். "நழுவுதா? அழுத்துதா? அப்ப இருவது நிமிஷம் அப்படியே இருங்க. உடனே தெரியாது. இருவது நிமிஷம் கழிச்சு தலையில ஒண்ணு இருக்குங்கறதே மறந்திருக்கணும்."

காலடிச் சத்தம் பதிந்த ஒன்றைப் போட்டுவிட்டாள். யாரோ அறையைச் சுற்றி நடந்தார்கள். இடது பக்கம் மரத்தரையில் ஒரு அடி, பிறகு பின்னால், கொஞ்சம் தள்ளி, மணலில் நடப்பது மாதிரி. மைக்செட் சட்டென்று கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். வெறும் சுவர்.

"எல்லாருமே திரும்பிப் பாப்பாங்க" என்றாள் அவள். "ஆனா குண்டு வெடிச்சா நெஞ்சு அதிராது சார். அந்த 'தொம்' இதுல கம்மி. அது வேணும்னா மூடினதுதான் வாங்கணும்."

"அதிர்றதெல்லாம் வேலையிலயே போதும்" என்றார். பிறகு, "நான் இப்ப கத்தறேனா?" என்று கேட்டார்.

"இல்லையே. சாதாரணமாத்தான் பேசறீங்க."

இருபது நிமிடம் ஓடும்வரை அவள் அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்து ஏதேதோ பேசிக்கொண்டிருந்தாள். மைக் தனியாக வாங்கி ஹெட்போனில் ஒட்டிக்கொள்ளலாம், வெல்வெட் மெத்தை அழுக்கானால் கழற்றித் துவைக்கலாம், பாட்டு கேட்டுக்கொண்டே அடுப்பில் பால் வைத்தால் பொங்குவது காதில் விழும். அவர் உம் கொட்டினார், கேள்வி கேட்டார். ஹெட்போனில் மெல்லிசாக வாத்திய இசை, அதற்கு அந்தப் பக்கம் அவள் பேச்சு. இரண்டும் ஒன்றையொன்று இடிக்காமல் வந்துகொண்டிருந்தன. ஒருத்தர் எதிரே உட்கார்ந்து சாதாரணக் குரலில் இருபது நிமிடம் தன்னோடு பேசி எத்தனை மாதமாயிற்று என்று யோசித்துப் பார்த்தார். கணக்கு வரவில்லை. நேரம் முடிந்ததும் கழற்ற மனமில்லாமல், "இன்னும் அஞ்சு நிமிஷம் பாக்கட்டுமா?" என்றார். அதற்குள் கீழே வேறு யாரோ வந்துவிட்டார்கள். அவள் எழுந்து போனாள். அந்த ஐந்து நிமிடத்தையும் அவர் தனியாக உட்கார்ந்து முடித்துவிட்டு, அதையே, ஒட்டிக்கொள்ளும் மைக்கோடு, வாங்கிக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மகள் விளையாட்டுக்குள் வந்தாள்.

"அப்பா?"

"சொல்லுடா குட்டி."

"என்னப்பா ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

"ஏன், நல்லாத்தானே இருக்கேன்."

"மெதுவாப் பேசறீங்களே."

புது ஹெட்போன் வாங்கியதைச் சொன்னார். அவள் நம்பாத மாதிரி, "ம்" என்றாள். பிறகு, "என் குரலே எனக்குத் திரும்பிக் கேக்குதுப்பா" என்றாள். கடைக்காரப் பெண் சொன்ன குறை அதுதான். ஹெட்போனிலிருந்து கசிகிற சத்தத்தை மைக் பிடித்துக்கொள்கிறது. மைக்கை வாயருகே இழுத்துவிட்டு, சத்தத்தைப் பாதியாகக் குறைத்தார். "இப்ப போயிடுச்சு" என்றாள்.

பாதிச் சத்தத்தில் கேட்பதற்காக அவர் பேச்சைக் குறைக்க வேண்டியிருந்தது. ஊருக்குள் நுழைந்தார்கள். ஒரு வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து வலப் பக்கம் யாரோ போவதைத் தெளிவாகக் கேட்டார். "வலது பக்கம் ஒருத்தன்" என்றார், மூச்சு விடுகிற குரலில். "ஆமாப்பா!" என்றாள் மகள் ஆச்சரியமாக. காலடி தூரமாகப் போய்த் தேய்ந்தது. அந்த அமைதியில்தான் அவர் வேறொரு சத்தத்தைக் கேட்டார்.

"அது என்ன, தட் தட்னு? உன் பக்கம்தான். மரத்துல தட்டற மாதிரி."

"பட்டனா இருக்கும். வால நாற்காலி மேல அடிக்குது."

"பட்டனா? அது யாரு?"

"நாய்ப்பா. நம்ம வீட்டு நாய். வந்து ஒரு வருஷம் ஆகப்போகுது."

"ஒரு வருஷமா? நீ சொல்லவே இல்லையே."

"சொன்னேன்பா. ரெண்டு தடவ சொன்னேன்."

அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனிகூட இல்லை. ஜன்னல் சாத்தியிருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். எப்போது சொல்லியிருப்பாள் என்று அவர் தேடிப் பார்த்தார். அவள் நாயைப் பற்றிச் சொன்ன நேரத்தில் அவர், பின்னால பாரு பின்னால பாரு என்று கத்திக்கொண்டிருந்திருப்பார். அவருடைய கை மவுஸ் மேல் அசையாமல் இருந்தது.

"வேற என்னெல்லாம் சொன்ன?" என்று கேட்டார்.

"நிறைய."

"திரும்பச் சொல்றியா?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வந்தது. மூன்று மாதமாக அவளும் கண்ணாடி போடுகிறாள், இடது கண்ணில் பவர் அதிகம். உயிர்த்தோழியாக இருந்தவள் இப்போது பேசுவதில்லை, காரணம் இன்னும் தெரியவில்லை. கணக்கு டீச்சர் மாறிவிட்டார். பட்டன் அம்மாவின் ஒரு செருப்பை மட்டும் கடிப்பான், மற்றதைத் தொடமாட்டான். அவர் குறுக்கே பேசவில்லை. எதிரே திரையில் அப்பாவும் மகளும் கொல்லைப்புறத்தில் கிணற்றடியில் சும்மா நின்றார்கள். யாரோ ஒருவன் நிதானமாக நடந்து வந்து இரண்டு பேரையும் சுட்டுவிட்டுப் போனான்.

"அப்பா, நாம ரெண்டு பேரும் செத்துட்டோம்."

"செத்தா சாகட்டும். நீ சொல்லு."

அவள் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், "நீங்க எம்மேல கோவமா இருக்கீங்கன்னு நெனச்சேன்பா" என்றாள். "நான் அம்மாகூட வந்துட்டேன்னு."

மெஷினை மீறிப் பேசிய குரல் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "இல்லம்மா" என்றார். அது மைக்குக்கு எட்டியிருக்காது என்று நினைத்து மறுபடி சொல்ல வாயெடுத்தார்.

"கேட்டுச்சு" என்றாள் மகள்.

பிறகு அவள் கடைசியாக ஒன்றைச் சொன்னாள். இதையும் முன்பே சொல்லப் பார்த்தாளாம், முடியவில்லையாம். அடுத்த மாதத்திலிருந்து பள்ளி நீச்சல் அணியில் அவளைச் சேர்த்திருக்கிறார்கள். பயிற்சி சனிக்கிழமை மதியம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் பயிற்சி இருக்காது. ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்கப் போய், அந்த நாள் அவளுக்கும் அம்மாவுக்கும் பட்டனுக்கும் என்று ஏதோ திட்டம் இருப்பது அவள் தயங்கிய விதத்திலேயே தெரிந்தது.

"நல்லது. நல்லா நீந்து" என்றார். "புதன்கிழமை சாயங்காலம் பத்து நிமிஷம் போன்ல பேசலாமா? விளையாட வேணாம். சும்மா."

"பேசலாம்பா" என்றாள். அன்றைக்கு இரண்டு மணி நேரம் இருந்தாள். அதில் விளையாடியது கால் மணி நேரம்கூட இருக்காது. ஒரு மாதம் முன்னால் இந்த ஹெட்போனை வாங்கியிருந்தால் அந்தப் பயிற்சியில் சேர்ந்திருக்கமாட்டாளோ என்ற நினைப்பு வந்தது. வந்தவுடனே, அப்படி நினைப்பது தப்பு என்றும் தெரிந்தது. இரண்டு நினைப்பும் அவரோடேயே இருந்தன.

புதன்கிழமைப் பேச்சு பெரும்பாலும் நடந்தது. சில வாரம் பத்து நிமிடம், சில வாரம் நாலு. ஹெட்போனை அவர் தினமும் போட ஆரம்பித்தார். வேலை விட்டு வந்ததும் காதைத் தேய்க்கிற நேரம் குறைந்து, அதைப் போட்டுக்கொண்டு செய்தி கேட்பார், சமைக்கும்போது பாட்டு கேட்பார். வலை வழியாக வீட்டுச் சத்தமெல்லாம் உள்ளே வந்தது. குழாய் சொட்டுவது, பிரிட்ஜ் உறுமி ஓய்வது, தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருப்பது. யாராவது கதவைத் தட்டினால் பாட்டுக்கு நடுவிலும் நன்றாகக் கேட்கும். யாரும் தட்டவில்லை.

ஒரு தடவை மாடிப்படியில் எதிர்ப்பட்ட திரைச்சீலை அம்மா, "இருக்கீங்களா! சத்தமே இல்லையே, எங்கயோ ஊருக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள். இங்கேதான் இருக்கிறேன் என்றார். அவள் மேலே ஏதோ பேசுவாள் என்று நின்றார். அவளுக்குக் கையில் துணி மூட்டை, அவசரம்.

நீச்சல் பயிற்சி தொடங்கிய மூன்றாவது சனிக்கிழமை. மூன்று மணிக்கு வேறு என்ன செய்வதென்று தெரியாமல் விளையாட்டைத் திறந்தார். தனி ஆளாகவே ஊருக்குள் போனார். அவசரப்படவில்லை. ஒவ்வொரு வீட்டுக்குள் நுழையும் முன்பும் நின்று காது கொடுத்தார். மாடியில் ஒருவன் நடமாடினான், அவன் இறங்கிப் போகும்வரை ஒரு பீரோவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தெருமுனையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். சத்தம் ஓய்ந்ததும் பின்பக்கச் சந்து வழியாகப் போனார். கடைசி வேலியைத் தாண்டி ஊருக்கு வெளியே வந்து நின்றபோது திரை வெளுத்து, உயிரோடு தப்பித்துவிட்டீர்கள் என்று எழுத்து வந்தது. இரண்டரை வருடமாக ஆடுகிறார். மகள் இழுத்துக்கொண்டு வராமல் அவராகத் தப்பித்தது இதுதான் முதல் தடவை.

"வந்துட்டேன்" என்றார். சாதாரணக் குரலில்தான் சொன்னார். அது அவருக்கு நன்றாகக் கேட்டது.

போனை எடுத்து மகளுக்கு, "தனியா ஜெயிச்சிட்டேன்" என்று அனுப்பினார். அவள் தண்ணீருக்குள் இருக்கிற நேரம் அது என்று தெரியும். ஆனாலும் போனைத் தூரமாக வைக்கவில்லை. பிறகு அதே ஊருக்குள் மறுபடி போனார், இந்தத் தடவை இரண்டாவது வீட்டிலேயே செத்தார். ஹெட்போனைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, மதியம் சாப்பிட்ட தட்டைக் கழுவினார், துணியை மடித்தார்.

ஐந்தரை மணிக்குப் போன் அதிர்ந்தது. "சூப்பர்பா!! எப்படி?" என்று இருந்தது.

அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்து, மாடியில் நடந்தவன், பீரோ, சந்து என்று ஒன்று விடாமல் தட்டச்சு செய்தார். முடிக்கக் கால் மணி நேரமாயிற்று. அனுப்பினார். அவள் பார்த்துவிட்டாள் என்பதற்கான அடையாளம் வந்தது. பதில் எழுதுகிறாளா என்று கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பயிற்சியிலிருந்து களைத்து வந்திருப்பாள். சாப்பிட உட்கார்ந்திருப்பாள். எப்படியும் புதன்கிழமை கேட்பாள். அதற்கு இன்னும் நாலு நாள் இருந்தது.